பின்சக்கரம்

லூசேராவை விற்ற காசு
ஒரு சக்கரமாக வீடு வந்தது.
முழு சைக்கிள் இல்லை. இரண்டு சக்கரமும் இல்லை.
பின்சக்கரம் மட்டும்.

எலியெசர் அதைக் கட்டிலில் கிடத்தினான்,
பிரசவம் முடிந்து வந்தவளைப்போல.
நான் தூக்கிப்போய்
உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசில் மாட்டினேன்.
பழைய சக்கரத்தையும் மாட்டினேன்.
வித்தியாசம் நான்கு கிழங்கு.
அதுவும் நடுத்தரக் கிழங்கு.

"சுற்றுகிற எடை வேறு,
சும்மா இருக்கிற எடை வேறு" என்றான்.
வேறுதான்.
லூசேரா சும்மாதான் இருந்தாள்,
நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு.
மார்ச்சில் ஈன்றிருப்பாள்.
அவள் சுற்றவில்லை, அது ஒன்றுதான் குற்றம்.

போயாகா மலையில் பாலுக்கு அடுத்தபடி
அதிகம் விளைவது சைக்கிள் பைத்தியம்.
போன ஞாயிற்றுப் பந்தயத்தில் இவன் முப்பத்தொன்றாவது.
இந்த ஞாயிறு, புதுச் சக்கரத்தோடு,
இருபத்தொன்பதாவது.
இரண்டு பேரைத் தாண்ட ஒரு கிடாரி.
அதில் ஒருவன்
பஞ்சராகி ஓரமாக நின்றவன்.

பொய் சொல்லக் கூடாது, இதையும் சொல்ல வேண்டும்:
நெப்தலியின் மைத்துனன்
சந்தையில் மலிவாக ஒரு சங்கிலி வாங்கினான்.
பெட்டி அசல், உள்ளே இருந்தது நகல்.
தேவாலயத்துக்கு மேலே, ஏற்றத்தில்,
எழுந்து நின்று மிதித்தபோது அறுந்தது.
சங்கிலியில் மிச்சம் தொண்ணூறாயிரம் பெசோ.
முன்பல் இரண்டுக்கு ஆன செலவை
அவன் மனைவி இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாள்.
ஆகவே சங்கிலிக்குக் கொடு, பிரேக் கட்டைக்குக் கொடு,
மனதார எண்ணிக் கொடு.
ஆனால் நான்கு கிழங்குக்கு?

வியாழக்கிழமை எலியெசருக்குக் காய்ச்சல்.
வெல்லத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன்.
பால் லாரி அர்ஹெமிரோ
பதினைந்து நாள் பணம் என்று ஒரு உறையை
வேலிக்கு மேலே வீசிவிட்டுப் போனான்.
பிரித்தால் பக்கத்து வீட்டுக் கணக்கு.
அவர்களுக்கு இரண்டே மாடு.

என் சைக்கிளுக்கு டயரில் காற்றில்லை.
அவனுடையது சுவரில் சாய்ந்திருந்தது.
ரப்பர் பூட்ஸோடு, ரூவானா போர்வையோடு ஏறினேன்.
சீட் எனக்கு எட்டவில்லை.
பெடல் என்று சொல்லிக்கொண்டு
பட்டாணி அளவில் இரண்டு இரும்பு.
பூட்ஸ் வழுக்க வழுக்க
நின்றபடியே இறக்கத்தில் விட்டேன்.

மிதிப்பதை நிறுத்தினால் அந்தச் சக்கரம் பாடுகிறது,
ஆயிரம் சில்வண்டு ஒரே மரத்தில் இருப்பதுபோல.
மேய்ச்சலில் நின்ற மாடெல்லாம் திரும்பியது.
லூசேராவைப் பெற்றவளும்
தலை தூக்கிப் பார்த்தாள்.
நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பாலத்தில் லாரியைப் பிடித்தேன்.
உறையை மாற்றினேன்.
அர்ஹெமிரோ என் பூட்ஸைப் பார்த்தான்,
சக்கரத்தைப் பார்த்தான்,
ஏதோ கேட்க வந்து கேட்காமல் இருந்தான்.

பிறகு ஏற்றம்.
நான் இருபது வருடமாகத்
தள்ளிக்கொண்டு ஏறுகிற ஏற்றம்.
இறங்கலாம் என்று நினைத்தேன்,
இன்னும் பத்து மிதி என்று நினைத்தேன்,
அந்த வளைவு வரை, அந்த யூகலிப்டஸ் வரை.
கியர் மாறியதே தெரியவில்லை.
நான் மிதித்தது மிதித்த இடத்திலேயே
சாலையில் இறங்கியது,
நடுவில் யாரும் கமிஷன் எடுக்கவில்லை.
உச்சியில் பனிமூட்டம் காலுக்குக் கீழே கிடந்தது.
மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது.
யாருமில்லாத சாலையில்
நாற்பத்துமூன்று வயதுப் பொம்பளை
கெட்ட வார்த்தை ஒன்றைச்
சந்தோஷமாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து டயர் சேற்றைத்
துணியால் துடைத்தேன்.
சுவரில் எப்படிச் சாய்ந்திருந்ததோ
அப்படியே சாய்த்தேன்.
"எங்கே போனாய்?" என்றான் போர்வைக்குள்ளிருந்து.
"லாரிக்கு."
"நடந்தா?"
வெல்லத் தண்ணீரை ஆற்றிக் கொடுத்தேன்.

சொல்ல மாட்டேன்.
கொட்டிலில் இன்னும் ஒரு கிடாரி நிற்கிறது.
முன்சக்கரம் இன்னும் பழையது.